மூலைவிட்டத்தில் ஒரு சறுக்குமரம்

அரை கிரவுண்டில் வீடு கட்டியவனுக்குத் 'தோட்டம்' என்பது கௌரவமான ஒரு பொய். கோவிலம்பாக்கத்தில் எனக்கு இருப்பது 1,200 சதுர அடி. வீடு, போர்வெல், ஸம்ப், ஸெப்டிக் டேங்க், மாமனார் அன்போடு கொடுத்த ஓடாத ஸ்கூட்டர் எல்லாம் போகக் கொல்லைப்புறத்தில் மிச்சம் 16-க்கு 14 அடி. அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி. ஆபீஸில் யாராவது கேட்டால், "பின்னாடி கார்டன் இருக்கு ஸார்" என்பேன். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம்தான்.

அந்த கார்டனுக்கு ஒரு சறுக்குமரம் தேவை என்று முடிவு செய்தது நான் அல்ல. மூன்றே கால் வயதுள்ள என் மகள்.

ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்து மூலையில் பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்று வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து வாண்டுகள் அதைச் சுற்றி ஒரே கும்மாளம். தாலி கட்டுகிற நேரத்தில் கூட நாங்கள் அங்கேதான் நின்றோம். அட்சதையை சறுக்குமரத்தின் மேலேயே போட்டுவிட்டு வந்தேன். வீடு திரும்பியதிலிருந்து ஒரே பல்லவி.

"அப்பா, நம்ம வீட்டுக்கு சறுக்குமரம் எப்ப வரும்?"

"நாளைக்கு."

குழந்தைகளிடம் 'நாளைக்கு' என்பது நிர்வாகத் தந்திரம். ஆபீஸில் பலிக்கும். வீட்டில் பலிக்காது. மறுநாள் காலை ஆறு மணிக்கு என் மூக்கைப் பிடித்துத் திருகி, "நாளைக்கு ஆயிடுச்சு" என்றாள்.

பார்க்குக்கு அழைத்துப் போகலாமே என்பீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவென்றால் 10 சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் தெரு அந்தக் கணக்கில் சிக்காத குட்டி லேஅவுட். விற்றவர் கடைசி முழம் வரை விற்றுவிட்டுத்தான் ஓய்ந்தார். தெரு ஓரம் ஒரு கருங்கல் ஜல்லிக் குவியல் இருக்கிறது. எங்கள் தெருக் குழந்தைகளுக்கு அதுதான் பார்க்.

சறுக்குமரம் என்றதும் எனக்குள்ளேயும் ஒரு பழைய ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டதை மறைப்பானேன்? ஆறாம் வகுப்பு எக்ஸ்கர்ஷனில் மாமல்லபுரம் போனோம். அங்கே 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' இருக்கிறதே, சுமார் 250 டன் எடையில், இப்பவோ அப்பவோ உருண்டு வந்துவிடுகிற மாதிரி நம்மைப் பல நூற்றாண்டுகளாக ஏமாற்றிக்கொண்டு நிற்கிற பாறை... 2019 அக்டோபரில் நமது பிரதமரும் சீன அதிபரும் கைகோத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்களே, அதே பாறைதான். எல்லோரும் உருண்டையைப் பார்ப்பார்கள். குழந்தைகள் மட்டும் அது நிற்கிற சரிவைப் பார்ப்பார்கள். எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கியே அந்தக் கருங்கல் வழுவழுவென்று ஆகிவிட்டது. உலகத்திலேயே டிராயரால் பாலீஷ் போடப்பட்ட பாறை அதுவாகத்தான் இருக்கும். நாங்கள் நாற்பது பேர் வரிசை கட்டி, ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டு சறுக்கினோம். என் டிராயர் பின்பக்கம் கிழிந்தது. வீட்டில் அப்பா கொடுத்ததில் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் பாலீஷ் ஆனது. ஆனாலும் அந்த சுகம் போகவில்லை.

ஆக, வாங்குவது என்று தீர்மானமாயிற்று. நான் எதையும் ஆராயாமல் செய்கிறவன் அல்ல. மிக்ஸி வாங்கவே மூன்று மாதம் ஆராய்ந்தவன். ஆபீஸில் மத்தியானம் எல்லோரும் தயிர்சாத மயக்கத்தில் இருக்கும்போது, நான் கம்ப்யூட்டரில் சறுக்குமர சாஸ்திரம் படித்தேன்.

அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டுத் திடல்களுக்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். அதன்படி, சறுக்குப் பாதையின் சாய்வு சராசரியாக 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமும் குறைந்தது 4 அங்குல உயரத்துக்குத் தடுப்பு வேண்டும். கீழே இறங்குகிற இடம் தரைக்குச் சமமாக நீண்டு முடிய வேண்டும். 4 அடிக்கு மேற்படாத சறுக்குமரமானால், அந்த முனை தரையிலிருந்து 11 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றிலும் 6 அடிக்கு வேறு எதுவும் இருக்கக் கூடாது. சிமென்ட் தரை கூடவே கூடாது.

30 டிகிரி என்றால் கணக்கு சுலபம். உயரம் எவ்வளவோ, பாதையின் நீளம் அதைப்போல் இரண்டு மடங்கு. 4 அடி உயரத்துக்கு 8 அடிப் பாதை. நம் கார்டனுக்குத் தாங்காது. 3 அடி உயரம், 6 அடிப் பாதை என்று இறங்கி வந்தேன். ஏணியையும் மேல்மேடையையும் சேர்த்தால் தரையில் எட்டு அடி பிடிக்கும். முன்னால் ஆறு, பின்னால் ஆறு. மொத்தம் இருபது அடி. என்னிடம் இருப்பதோ பதினாறு!

இரவு ஒன்றரை மணிக்குத் திடீரென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க, நெஞ்சு வலியா?" என்றாள் மனைவி பதறிப்போய்.

"மூலைவிட்டம்!" என்றேன்.

16-க்கு 14 உள்ள செவ்வகத்தின் மூலைவிட்டம் 21 அடிக்குச் சற்று மேலே வரும். பத்தாம் கிளாஸில் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிய பித்தகோரஸ் முதல் தடவையாக உதவிக்கு வந்தார். பக்கவாட்டில் இடம் கொஞ்சம் குறைந்தது. கறிவேப்பிலையைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றிச் சமாளித்தேன்.

காலையில் அம்மாவிடம் பிளானைக் காட்டினேன். ஏணி தென்மேற்கில், இறங்குகிற முனை வடகிழக்கில். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கன்னி மூலை உசந்து, ஈசான்யம் தாழ்ந்து இருக்கு. வாஸ்து பிரமாதம்டா! யாரு சொன்னா?"

"அமெரிக்காக்காரன்" என்றேன். அதுவும் பொய்யில்லை. சறுக்குமரம் வடக்குப் பார்த்து இருந்தால் வெயில் குறைவாக விழும் என்று அங்கே சொல்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு விஷயம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான் நிற்கும். நம் சென்னையில் அப்படியில்லை. ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் நடுப்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறான். அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சந்தலைக்கு வருகிற வரை நண்பகலில் அவன் நமக்கு வடக்கே! அதாவது கத்திரி வெயிலில் வடக்குப் பார்த்து வைத்தால் நேராக முகத்திலேயே அடிப்பான். இரும்புத் தகட்டில் சறுக்குமரம் செய்யலாமென்று வெல்டிங் பட்டறைக்காரர் யோசனை சொன்னார். மே மாதம் மத்தியானம் அதில் குழந்தையை உட்கார வைப்பதும் தோசைக்கல்லில் உட்கார வைப்பதும் ஒன்று.

முருங்கை மர நிழல் இருக்கிறதே என்றால், அதில் நிழலை விடக் கம்பளிப்பூச்சி அதிகம். மேலே பச்சை நிழல்வலை கட்டினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறோமே, அதே ஜாதி பிளாஸ்டிக்கில், அதே மாதிரி அச்சைச் சுழற்றிச் சுழற்றி வார்க்கிற சறுக்குமரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். வெயிலில் சீக்கிரம் வெடிக்காமல் இருக்க மருந்து கலந்தது. மட்டமானதென்றால் இரண்டு கோடையில் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடுமாம்.

அடுத்து மணல். 4 அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தலை தப்ப வேண்டுமென்றால் மணல் 9 அங்குல ஆழம் வேண்டும் என்கிறது கையேடு. பத்துக்குப் பத்து அடியில் 9 அங்குலம் என்றால் 75 கன அடி, அதாவது முக்கால் யூனிட். எம்-சாண்ட் சல்லிசு, ஆனால் அது கல்லை உடைத்துச் செய்தது. கூர் இருக்கும், தூள் இருக்கும், கெட்டியாக இறுகிக்கொள்ளும். வீட்டுக்கு நல்லது, முழங்காலுக்கு நல்லதில்லை. உருண்டு தேய்ந்த ஆற்று மணல்தான் சரி. அதன் விலையைக் கேட்டபோது, எடை போட்டுத் தருவார்களா, ஹால்மார்க் உண்டா என்று கேட்கத் தோன்றியது.

எங்கள் பக்கத்து மண் களிமண். மழை பெய்தால் ஏரிகள் நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் வழிகிற பூமி. 2015 டிசம்பரை நாங்கள் மறக்க மாட்டோம். வெறும் பள்ளம் தோண்டி மணல் போட்டால் கார்த்திகையில் தவளை வளர்க்கலாம். அதனால் அடியில் ஜல்லி, ஒரு வடிகால் குழாய், மேலே மணல். ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் தெருப் பூனைகள் அதைத் தங்களுக்கென்று கட்டிய கழிப்பறை என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு மார்ச் மாத சனிக்கிழமை சறுக்குமரம் வந்து நின்றது. சிவப்பு ஏணி, மஞ்சள் பாதை. மகள் ஏறினாள். சறுக்கினாள். மணலில் தொப்பென்று விழுந்தாள். "இன்னொரு வாட்டி!" என்றாள். அன்று மட்டும் நூறு தடவைக்குக் குறையாது.

அன்று சாயந்திரம் கேட்டுக்கு வெளியே நாலைந்து தலைகள். எதிர் வீட்டு வாட்ச்மேனின் மகன், தெருமுனை இஸ்திரி அம்மாவின் பேத்தி, இன்னும் இரண்டு பேர்.

"அங்கிள், நாங்களும் ஒரு வாட்டி..."

இந்த இடத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மணல் விலை ஞாபகம் வந்தது. யாராவது விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று தோன்றியது. புதுசு, அதற்குள் கீறல் விழுந்துவிடுமே என்றும் தோன்றியது. உண்மையில் அதுதான் முதலில் தோன்றியது.

"இன்னிக்கு இல்லை கண்ணுங்களா, அப்புறம் வாங்க" என்று சொல்லி கேட்டைத் தாழ் போட்டேன். இஸ்திரி அம்மாவின் பேத்தி கம்பி வழியாக ஒரு தடவை மஞ்சள் பாதையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பது தடவை சறுக்கினாள் என் மகள். திங்கள்கிழமை பத்து. புதன்கிழமை பூஜ்யம். வியாழக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சறுக்குப் பாதையில் கூழ்வடாம் காய்ந்துகொண்டிருந்தது.

"30 டிகிரி சாய்வு. நல்லாக் காயுதுங்க" என்றாள் மனைவி.

எனக்கு வயிறு எரிந்தது. பி.எஃப். லோன் எடுக்காத குறையாக வாங்கின சாமான்! மகள் ஹாலில் அந்த சறுக்குமரம் வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, வா, அப்பாவும் நீயும் சேர்ந்து ஜூய்ய்னு போகலாம்!"

அதுவரை பார்க்காத சந்தோஷத்தோடு ஓடி வந்தாள். நான் மேலே உட்கார்ந்தேன். மடியில் அவள். கையைத் தூக்கிக்கொண்டு, "ரெடி... ஒன், டூ, த்ரீ!"

இரண்டு விநாடி. அவள் காலில் ரப்பர் அடி வைத்த ஷூ. அது பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொண்டு நின்றது. நான் நிற்கவில்லை. அவள் போட்ட சத்தம் இதை எழுதும்போதும் காதில் கேட்கிறது.

டாக்டர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி மெல்லிய கோடு.

"எப்படி விழுந்தா?"

"விழலை டாக்டர். என் மடியிலதான் உட்கார்ந்திருந்தா. பத்திரமா இருக்கட்டும்னு..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வெயிட் என்ன ஸார்?"

"எழுபத்தெட்டு."

"குழந்தை தனியாப் போயி கால் மாட்டிக்கிட்டா, அது வெயிட்டுக்கு அப்படியே நின்னுடும். ஷூவை இழுத்துக்கிட்டு அழும், அவ்வளவுதான். மடியில இருந்தா நிக்க முடியாது. உங்க எழுபத்தெட்டு கிலோவும் சேர்ந்து அந்தச் சின்னக் காலைத் திருகிடும். அப்பா-அம்மா பத்திரமாப் பிடிச்சுக்கறதா நினைச்சுத்தான் இது நடக்குது."

மாவுக்கட்டு. நாலு வாரம்.

அன்றிரவு தூக்கமில்லை. மறுபடி தேடினேன். 2017-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டில் ஓர் ஆய்வை வாசித்திருக்கிறார்கள். 2002 முதல் 2015 வரை அந்த நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகளுக்குச் சறுக்குமரத்தில் அடிபட்டிருக்கிறது. மூன்றில் ஒன்றுக்கு மேல் எலும்பு முறிவு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. அதிலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கிறவர்கள்தான் அதிகம். பெரியவர் மடியில் உட்காருவதே முக்கியக் காரணம் என்கிறார்கள். இதெல்லாம் அதே கம்ப்யூட்டரில், நான் டிகிரியும் அங்குலமும் தேடின அதே இடத்தில்தான் இருந்தது.

சாய்வை அளந்தேன். மணலை அளந்தேன். சூரியனைக் கூட அளந்தேன். என்னை மட்டும் அளக்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கூட வாஸ்துவைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகள் மட்டும், "அப்பா, உனக்கும் வலிக்குதா?" என்று கேட்டாள். பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வாரம். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். மகளைக் கொல்லைப்புறத்தில் ஒரு நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார வைத்திருந்தேன். பேசவே இல்லை. காலி சறுக்குமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டில் சத்தம். இஸ்திரி அம்மா, துணி மூட்டையோடு. கூடவே பேத்தி. "பாப்பாவுக்கு அடிபட்டுடுச்சாமே தம்பி, பாத்துட்டுப் போகலாம்னு..." என்றார். பேத்தி கையில் ஒரு கொய்யாப்பழம். என் மகள் காலின் மேல் கொண்டுபோய் வைத்தாள், பிள்ளையாருக்கு வைக்கிற மாதிரி.

"நீ சறுக்கறியா?" என்று கேட்டாள் என் மகள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கேட்டில் தாழ் போட்ட கையை அவள் மறக்கவில்லை.

"போம்மா" என்றேன். குரல் சரியாக வரவில்லை. "ஃப்ரெண்ட்ஸையும் கூப்பிட்டுக்கோ."

பத்து நிமிஷத்தில் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். நான் மூன்று சட்டம்தான் போட்டேன். செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒருத்தர்தான். முன்னால் போனவர் மணலை விட்டு எழுந்த பிறகுதான் அடுத்தவர். இதை அமுல்படுத்துகிற பொறுப்பை என் மகளிடம் ஒப்படைத்தேன். கழுத்தில் ஒரு விசில், கையில் என் ஆபீஸ் ஸ்லிப் பேட். எழுதத் தெரியாது, ஆளுக்கு ஒரு கோடு கிறுக்கிக் கிழித்துக் கொடுப்பாள். அதுதான் டிக்கெட்.

"ஹோல்டான்! நீ அப்பறம். அந்த அக்கா முதல்ல! ரை... ரைட்!"

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தனை பேரையும் மேய்த்தாள். பஸ்ஸில் எந்தக் கண்டக்டரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. வாட்ச்மேன் மகன் டிக்கெட் இல்லாமல் ஏறி மாட்டிக்கொண்டான். அபராதம், ஒரு தோப்புக்கரணம். மாலை ஐந்து மணியானால் கேட்டில் கூட்டம். மணல் கொல்லை பூராவும் சிதறியது. மஞ்சள் பாதையில் கீறல் விழுந்தது, பத்து இருபது இருக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். மனைவி வடாத்தை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமல்லபுரத்துப் பாறையில் நான் தனியாகச் சறுக்கியிருந்தால் டிராயரும் கிழிந்திருக்காது, ஞாபகமும் இருந்திருக்காது. கல்யாண மண்டபத்தில் என் மகள் கேட்டது பிளாஸ்டிக்கை அல்ல. அந்தப் பதினைந்து வாண்டுகளை. நான் பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கி வந்து, வாண்டுகளை வெளியே நிறுத்திக் கேட்டைத் தாழ் போட்டேன். அவளுக்கு அலுத்துப்போனதும் அந்த ஏழு பேர் இடத்தை நான் ஒருத்தனே நிரப்பப் பார்த்தேன், எழுபத்தெட்டு கிலோவாக.

கட்டுப் பிரித்து, ஒரு வாரம் நொண்டி நடந்து, "இனிமே விளையாடலாம்" என்று டாக்டர் சொன்னது ஒரு சனிக்கிழமை. சாயந்திரம் எல்லோரும் ஆஜர். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தாள் என் மகள்.

"பாப்பாதான் ஃபர்ஸ்ட்! வழி விடுங்கடா!" என்றான் வாட்ச்மேன் மகன். எல்லோரும் ஒதுங்கி ஏணியைக் காட்டினார்கள்.

அவள் ஏறவில்லை. மெதுவாக நடந்து வரிசையின் கடைசிக்குப் போய், இஸ்திரி அம்மாவின் பேத்தியுடைய பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மணல் ஓரத்தில் குந்தியிருந்தேன். என்னைப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டிப் பெருமையாகக் கத்தினாள்:

"அப்பா! எனக்கு முன்னாடி ஏழு பேரு இருக்காங்க!"